அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்

என் பழைய கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. 2016 அக்டோபர் மாதக் கடைசி, ஊரே மாறுவேடம் போட்டுத் திரியும் ஹாலோவீன் கொண்டாட்டம், அமெரிக்காவின் மேடிசன் நகரத்து ஸ்டேட் ஸ்ட்ரீட், இரவு பதினொரு மணி தாண்டியிருக்கும். படத்தின் இடப்பக்கம் ஒரு வெள்ளைக்கார இளைஞன். முகத்திலும் கழுத்திலும் காப்பிக்கொட்டை நிறத்தில் சாயம். காதுக்குப் பின்னால் சாயம் எட்டாமல் விட்டுப்போன இடம் வெளுப்பாகத் தெரிகிறது. தலையில் குளியல் துண்டைச் சுற்றிக் கட்டிய முண்டாசு, பசை விட்டு ஒரு முனை தொங்கும் ஒட்டு மீசை, சட்டைப் பைக்கு மேலே கடைச் சிப்பந்திகள் குத்திக்கொள்வது போன்ற ஒரு பெயர் அட்டை. அதில் எழுதியிருந்த பெயரை இந்தியாவில் எந்தப் பெற்றோரும் எந்தப் பிள்ளைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். வாயில் நுழையாதபடி எழுத்துகளை வேண்டுமென்றே நீட்டி நீட்டிக் கோத்திருந்தான். அவன் கை என் தோளில் இருக்கிறது. பக்கத்தில் நான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். கூட்டத்தில் எதிரே வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றான். தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே, அவன் கற்பனையில் நாமெல்லாம் பேசும் ஆங்கிலத்தில், "என் மனைவி கிடைத்துவிட்டாள்!" என்று தன் நண்பர்களைப் பார்த்துக் கத்தினான். அவர்கள் சிரித்தார்கள். பிறகு வேடக் குரலை விட்டுவிட்டு, சொந்தக் குரலில், மிகவும் மரியாதையாக, "ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டான். "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். எடுத்தார்கள். என் கைப்பேசியிலும் ஒன்று எடுத்துத் தந்தார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அவன் கெட்டவன் என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அனுமதி கேட்டான், நான் கொடுத்தேன். இத்தனை ஆண்டுகளாக என்னை அரிப்பது அவன் போட்ட வேடத்தைவிட நான் கொடுத்த அந்த அனுமதிதான். உள்ளுக்குள் வயிறு சுருண்டுகொண்டிருந்தபோது முகம் மட்டும் எப்படி அப்படி மலர்ந்தது?

நான் அமெரிக்காவுக்கு வந்து பத்து வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆறு பேர் சேர்ந்து போயிருந்தோம்; நான்கு பேர் தமிழ்நாடு, அறைத்தோழி மகாராஷ்டிரம், ஒருவர் டாக்கா. ஸ்டேட் ஸ்ட்ரீட் என்பது சட்டமன்றக் கட்டடத்திலிருந்து பல்கலைக்கழக வளாகம் வரை நீளும் தெரு, மெதுவாக நடந்தால் பதினைந்து நிமிடம். ஒரு காலத்தில் ஹாலோவீன் இரவில் அங்கே கலவரமும் கடை உடைப்புமாக முடியுமாம். 2006-இலிருந்து வேலி போட்டு, டிக்கெட் வைத்து, நகராட்சி அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்திருந்தது. அறைத்தோழி கொடுத்த கூர்முனைத் தொப்பி ஒன்றுதான் என் வேடம். குளிருக்கு மேல்கோட்டை மாட்டியதும் அதுவும் பாதி வேடமாகிவிட்டது. ஆனாலும் எனக்கு அந்த இரவு பிடித்திருந்தது. ஊரே வேறொரு ஆளாக மாறி நடப்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. எலும்புக்கூடு உடை அணிந்த ஒரு தாத்தா மூன்றடி உயரத் தேனீ ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து நான் உண்மையாகவே சிரித்தேன். படத்தில் இருக்கும் சிரிப்பு அது இல்லை.

மறுநாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் முடியவில்லை. அதே வாரக் கடைசியில் நகரத்தின் கால்பந்து மைதானத்துக்கு ஒருவர் ஒபாமா முகமூடியும் கழுத்தில் தூக்குக் கயிறுமாக வந்திருந்தார். படம் நாடு முழுவதும் பரவியது. கறுப்பின மக்களை மரத்தில் கட்டித் தொங்கவிட்ட நாட்டில் அந்தக் கயிற்றுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் வகுப்பில் இருந்த கறுப்பின மாணவி அந்த வாரம் முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அதன் முன்னால் என் குளியல் துண்டு முண்டாசை எங்கே வைப்பது? மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

"பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள்"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த இரவுக்குச் சரியாக ஓராண்டுக்கு முன் இதே விஷயத்தில் நான் எதிர்த்தரப்பில் இருந்தேன். 2015-இல் யேல் பல்கலைக்கழகத்தில், ஹாலோவீனுக்கு முன் ஒரு குழு மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது: இறகுத் தலையணி, தலைப்பாகை, முகத்தின் நிறத்தை மாற்றும் சாயம் போன்றவற்றை அணியுமுன் கொஞ்சம் யோசியுங்கள் என்று. அதற்கு மறுமொழியாக, மாணவர் விடுதி ஒன்றின் துணைப் பொறுப்பில் இருந்த எரிகா கிறிஸ்டாகிஸ் ஒரு கடிதம் எழுதினார். வளர்ந்த பிள்ளைகள் என்ன உடுத்துவது என்பதை நிர்வாகம் சொல்ல வேண்டுமா, இளையவர்கள் கொஞ்சம் எல்லை மீறிப் பார்க்க இடமே இல்லையா என்று கேட்டார். ஒரு வேடம் பிடிக்கவில்லை என்றால் பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள், அல்லது புண்பட்டதை அணிந்தவரிடமே சொல்லுங்கள், ஒருவரோடு ஒருவர் பேசுங்கள் என்ற தம் கணவரின் கருத்தையும் சேர்த்திருந்தார். பெரிய போராட்டம் வெடித்தது. அந்த ஆண்டு இறுதியில் அவர் அங்கே பாடம் எடுப்பதையே விட்டுவிட்டார்.

நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். அந்தக் கடிதத்தை முழுவதும் படித்தேன், அவர் சொல்வதே சரி என்று பட்டது. பெண்கள் துப்பட்டா போடுவதற்கும் விடுவதற்கும் விதி எழுதும் கல்லூரியில் நான்கு ஆண்டு படித்தவள் நான். உடையைப் பற்றி நிர்வாகம் வாய் திறந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை. அபராதமும் விசாரணையும் இதற்கு மருந்து என்று இன்றும் நம்பவில்லை.

ஆனால் "சொல்லிவிடுங்கள்" என்ற அந்த ஒரு சொல்லை ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் வைத்துப் பார்த்தேன். இரவு பதினொரு மணி. அவனோடு ஐந்து நண்பர்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். என் ஆங்கிலம் வகுப்பறைக்குப் போதும்; கோபத்துக்குப் போதாது. கோபத்தில் பேசினால் என் உச்சரிப்பு இன்னும் தடித்துவிடும், அவன் நடித்துக் காட்டிய குரலுக்கு இன்னும் அருகில் போய்விடும். அதை நான் அந்த அரை நொடியில் கணக்குப் போட்டுவிட்டேன் என்பதுதான் எனக்கு வியப்பு. சொன்னால் விளையாட்டுத் தெரியாதவள் ஆவேன். சொல்லாவிட்டால் கூட்டத்தில் ஒருத்தி ஆவேன். கூட்டத்தில் ஒருத்தியாக வேண்டும் என்ற ஆசை பத்து வாரம் பழகிய ஊரில் எவ்வளவு பெரியது என்பது வெளியூரில் தனியாக இருந்தவர்களுக்குத் தெரியும். பேசுங்கள் என்று சொல்வதற்கு அந்தத் தெருவில் ஊன்றி நிற்க இரண்டு கால் வேண்டும். எனக்கு அன்று ஒரு விசாவும் ஒரு தொப்பியும்தான் இருந்தன.

ஆகவே சிரித்தேன். அவன் வீட்டுக்குப் போய் என்ன நினைத்திருப்பான்? ஓர் இந்தியப் பெண்ணையே சந்தித்தேன், அவளே ரசித்தாள், படம் கூட எடுத்துக்கொண்டாள். அவனைப் பொறுத்தவரை என் சிரிப்பு ஒரு சான்றிதழ்.

படத்தின் வலது ஓரம்

மூன்று ஆண்டுகள் அந்தப் படத்தைத் திறக்கவில்லை. 2019 செப்டம்பரில், அப்போது கனடா பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோவின் பழைய படம் வெளிவந்தது. 2001-இல், ஆசிரியராக இருந்த காலத்தில், 'அரேபிய இரவுகள்' விருந்துக்கு முகத்திலும் கைகளிலும் பழுப்புச் சாயம் பூசி, தலைப்பாகை கட்டி வந்திருந்தார். மன்னிப்புக் கேட்டார். அன்று அந்த விருந்தில் இருந்த, தலைப்பாகை அணியும் சீக்கியப் பெற்றோர் ஒருவர், அப்போது யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். அவர் மனதில் இருந்தது அவருக்குத்தான் தெரியும். அவருக்காக நான் புண்பட முடியாது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த இரவு என் பழைய கைப்பேசியைத் தேடி எடுத்து, மின்னேற்றி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

வலது ஓரத்தில், என் கூர்முனைத் தொப்பிக்குப் பின்னால், வெள்ளையும் சிவப்புமாக இறகுகள்.

அது எங்கள் கூட்டத்தில் வந்த ஈரோட்டுத் தம்பி. ஹாலோவீன் பருவத்துக்கென்று திறக்கும் கடையில் வாங்கிய 'இந்தியத் தலைவன்' வேடம். நெற்றியிலிருந்து முதுகு வரை தொங்கும் இறகு வரிசை, கன்னத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள். "அக்கா, நாமும் இந்தியர், அவர்களும் இந்தியர், நாம் போடாமல் யார் போடுவது?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். பின்னால் கயிறு முடிச்சு நிற்கவில்லை என்று என்னிடம் தலையைக் குனிந்து காட்டினான். இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டிவிட்டது என் கைதான். அந்த இரவு முழுவதும் அந்த இறகுகள் எனக்கு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வந்தன. பிறர் அணிந்த முண்டாசு என் வயிற்றைச் சுருட்டியது. இது கண்ணில் கூடப் படவில்லை.

மேடிசன் யாருடைய ஊர் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஹோ-சங்க் என்ற பழங்குடி மக்கள் அதை 'டேஜோப்' என்பார்கள், நான்கு ஏரிகள் என்று பொருள். 1832-இல் ஓர் ஒப்பந்தத்தின் பேரால் அந்த நிலம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அயோவா, மினசோட்டா, தெற்கு டகோடா, நெப்ராஸ்கா என்று படைவீரர்களை வைத்துத் துரத்தத் துரத்த, நடந்தே திரும்பி வந்தவர்கள் அவர்கள். வளாகத்தில் வானாய்வகம் இருக்கும் குன்றின் மேல் அவர்களுடைய முன்னோர் பறவை வடிவில் எழுப்பிய மண்மேடு இருக்கிறது. அதற்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ மதியங்கள் தயிர்ச்சோறு சாப்பிட்டிருக்கிறேன், புல் முளைத்த மேடு என்று நினைத்துக்கொண்டு. 2019 கோடையில் இவற்றைச் சொல்லும் பலகை ஒன்றை வளாகத்தில் வைத்தபோதுதான் நின்று படித்தேன். தம்பி அணிந்த நீண்ட இறகுத் தலையணி ஹோ-சங்க் மக்களுடையது கூட இல்லை. அது மேற்கே புல்வெளி நாட்டு லகோட்டா போன்ற மக்களுடையது, ஒவ்வோர் இறகும் ஒரு செயலுக்காகப் பெரியவர்கள் கொடுத்துச் சேர்வது. கழுகு இறகை மற்றவர்கள் வைத்திருப்பது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். பதிவுபெற்ற பழங்குடி உறுப்பினர்கள் சடங்குக்காக விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறுகிறார்கள். தம்பியின் தலையில் இருந்தது சாயம் தோய்த்த கோழி இறகு.

நாம் தமிழில் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயரையும் யோசித்துப் பார்த்தேன். செவ்விந்தியர். கொலம்பஸ் வழி தவறியதும், பிறகு வந்தவர்கள் தோலின் நிறத்தை வைத்துக் கூப்பிட்டதும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த சொல். இப்போது எழுதும்போது கை தயங்குகிறது. அமெரிக்கப் பழங்குடிகள் என்று எழுதுகிறேன், முடிந்த இடத்தில் அவரவர் பெயரையே எழுதுகிறேன்.

எவர்சில்வர் டம்ளர்

காப்பி குடிப்பதற்கு என்னிடம் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. முதன்முதலில் கிளம்பியபோது அம்மா பெட்டியில் வைத்துக் கட்டியது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள், தேய்த்துத் தேய்த்துப் பாதி மங்கிவிட்டன: 'மாறுவேடப் போட்டி – முதல் பரிசு – 2000'. இரண்டாம் வகுப்பு. நான் போட்ட வேடம் நரிக்குறத்தி.

கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அந்த இரவு, கையில் இருந்தது அந்த டம்ளர்தான். எழுத்துகளை அதுவரை ஆயிரம் முறை பார்த்திருப்பேன், அன்றுதான் படித்தேன்.

திண்டுக்கல்லில் எங்கள் பள்ளி ஆண்டு விழா. பாரதியார் மூன்று பேர், காந்தி இரண்டு பேர், ஒரு ஜான்சி ராணி. இவற்றில் பரிசு கிடைக்காது, வித்தியாசமாக ஏதாவது வேண்டும் என்று டீச்சர் சொன்னார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனார். அங்கே தூணோரம் துணி விரித்துப் பாசிமணியும் ஊசியும் விற்ற ஒருவரிடம் மணி வாங்கினார். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஆறு சரம். பேரம் பேசி விலையைக் குறைத்தார். அந்த அம்மாள், "பாப்பாவுக்கா?" என்று கேட்டுவிட்டு, ஒரு சரத்தை என் கழுத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்த்து, நூலைக் கடித்து அளவு குறைத்துக் கொடுத்தார். அவருடைய விரல்கள் என் பின்கழுத்தில் பட்டது நினைவிருக்கிறது.

விழா அன்று முகத்தில் கரியைக் குழைத்துப் பூசினார்கள். தலையைக் கலைத்து எண்ணெய் இல்லாமல் பரப்பினார்கள். முதுகில் துணித் தூளியில் ஒரு பொம்மை, கையில் தகர டப்பா. டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'சாமியோவ்' என்று இழுத்தேன். இழுக்கும்போதெல்லாம் அரங்கம் சிரித்தது. அந்த மக்களுக்கென்று வாக்ரிபோலி என்று ஒரு மொழி உண்டு, வீட்டில் அதைத்தான் பேசுகிறார்கள் என்பது எனக்கு வயது இருபது தாண்டிய பிறகுதான் தெரியும். டீச்சருக்கு அன்று தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. முதல் பரிசு கொடுத்தார்கள்.

வேடத்தைக் கலைக்காமலே வீடு திரும்பினோம். பஸ்ஸுக்காக அதே நிலையத்தில் நின்றபோது, அம்மா என்னை அந்தத் தூணோரம் கூட்டிக்கொண்டு போனார். நல்ல எண்ணத்தோடுதான். "பார், நீ கொடுத்த மணிதான். என் மகளுக்கு முதல் பரிசு!" என்றார். அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கரி பூசிய முகத்தை, கலைந்த தலையை, முதுகில் தொங்கிய பொம்மையை, கையில் இருந்த தகர டப்பாவை. அவர் முதுகிலும் துணித் தூளி இருந்தது, அதில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நொடி கழித்து அவரும் சிரித்தார். பல்லெல்லாம் தெரிய. பஸ்ஸில் ஏறியதும் அம்மா பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னார்: "அவளுக்கே எவ்வளவு சந்தோஷம் பாருங்கள்."

அந்தச் சிரிப்பை நான் பத்தொன்பது ஆண்டுகள் சந்தோஷம் என்றே வைத்திருந்தேன். வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அதுதான் கடைசி வரி. மேடிசனில் எடுத்த படத்தில் என் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நிலையத்தில் அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? என் அம்மாவிடமா, நாளைக்கும் அதே தூணோரம் துணி விரித்தாக வேண்டிய ஒருவர்? பேசுங்கள் என்று யேலிலிருந்து வந்த அறிவுரை அவருக்குப் போய்ச் சேராது. அவர் உண்மையாகவே மகிழ்ந்திருக்கலாம், குழந்தைகளைப் பிடிக்கும் மனிதராக இருந்திருக்கலாம்; அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. மகிழ்ந்தார் என்று அடித்துச் சொல்லவும் உரிமை இல்லை. ஆனால் நாங்கள் அடித்துச் சொன்னோம், சிரிக்கச் சிரிக்கச் சொன்னோம்.

2022 டிசம்பரில்தான் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்கள் அதைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து, சென்னையில் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்திய காணொளி வெளிவந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். அதை நான் இங்கிருந்து பார்த்தேன். டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் கழுத்தில் நிறைய மணிச் சரங்கள். என் கழுத்தில் ஆறு சரம் போட்டு, அரங்கம் முழுக்கக் கைதட்டி, மேடையேற்றிப் பரிசு கொடுத்தார்கள்.

போன ஆண்டு அக்காவின் மகள் பள்ளியில் மாறுவேடப் போட்டி. அம்மா தொலைபேசியில் உற்சாகமாக, "நீ போட்ட வேடத்தையே போட்டுவிடலாம், பரிசு நிச்சயம்" என்றார். வேண்டாம் அம்மா என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை சொல்லிப் பார்த்தேன். "அவளே சிரித்தாளே, நீ பார்த்தாயே" என்றார். என்னால் மேற்கொண்டு விளக்க முடியவில்லை. இத்தனை நாள் யாருக்கும் காட்டாத அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன், ஒரு சொல்லும் எழுதாமல்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே கூப்பிட்டார். பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. "யார் இது? தோளில் கை போட்டிருக்கிறான்?" என்று கேட்டார். தெருவில் போன ஆள் என்றேன். பிறகு, "உனக்கு உடம்பு சரியில்லையா அன்றைக்கு?" என்றார். இல்லையே, சிரித்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன்.

"இது நீ சிரிக்கிற சிரிப்பு இல்லையே."

அடுத்த விசில் வரும் வரை இருவரும் பேசவில்லை. பிறகு அம்மா, அந்தத் தூணோரம் இப்போது யாரும் மணி விற்பதில்லை, நிலையத்தை இடித்துக் கட்டிவிட்டார்கள் என்றார். குழந்தைக்கு வேறு ஏதாவது யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.